வாத்து சோப்பும் எளிமைப்படுத்தும் பிரிவும்

உலகில் எத்தனையோ மகத்தான அமைப்புகள் தோன்றி மறைந்திருக்கலாம். ஆனால் எங்கள் வரி அலுவலகத்தின் ‘எளிமைப்படுத்தும் பிரிவு’க்கு ஈடாக இன்னொன்று பிறக்கவும் இல்லை, பிறக்கப்போவதும் இல்லை. சாதாரண மக்களுக்கு வரியைப் பற்றிப் புரியவைப்பது எங்கள் பணி. அந்தப் பணியிலேயே தலை நரைத்தவன் நான். இதுவரை ஒருவருக்குக்கூடத் தவறான பதில் சொன்னதில்லை. பதில் சொன்னால்தானே தவறு வரும்.

எங்கள் நடைமுறை அப்படி. கேள்வி வந்தால் பதிவு செய்வோம். பதிவு செய்ததைக் கேட்டவருக்குத் தெரிவிப்போம். பிறகு ‘தக்க பிரிவுக்கு’ அனுப்பிவைப்போம். தக்க பிரிவு நாங்கள்தான் என்று கண்டுபிடித்து அவர்கள் எங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் அதை மறுபடியும் பதிவு செய்வோம்.

என் மனைவி ஒரு காலத்தில் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். சென்ற ஆண்டு சமையலறை மூலையில் குழந்தைகளுக்காக வாத்து வடிவத்தில் சோப்பு செய்து இணையத்தில் விற்க ஆரம்பித்தாள். ‘குளிக்கச் சொன்னாலே ஊரைக் கூட்டும் என் பையன் இப்போது குளியலறையை விட்டு வர மறுக்கிறான்’ என்று முகம் தெரியாத ஒரு தாய் எழுதியிருந்தாள். அதை என் மனைவி எனக்கும் மகளுக்கும், பால்காரருக்கும்கூடப் படித்துக் காட்டினாள். வேலையை விட்டபின் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்த இணையதளத்திலிருந்து தகவல் வந்தது. மாதக் கடைசிக்குள் வரிப் பதிவு எண் தராவிட்டால் கடை மூடப்படும். பதிவு எண் வேண்டுமென்றால், விற்கும் பொருள் எந்த வகை என்று எழுத வேண்டும்.

“ஏங்க, நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க. என் சோப்பு எந்த வகைன்னு மட்டும் சொல்லுங்க. கட்ட வேண்டியதைக் கட்டிடறேன்.”

பதவிக்குரிய கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு, ஆபீஸில் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னேன்.

மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். மேசை நடுவில் நான் கொண்டுபோன வாத்து அமர்ந்திருந்தது. விதிகளைக் கரைத்துக் குடித்த மூத்த எழுத்தர் ஒருவர் இருக்கிறார். அவரை ‘உட்பிரிவு’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதை முகர்ந்து பார்த்து, மணம் வீசுவதால் அழகுசாதனப் பொருள் என்றார். உறைமேல் ‘அரிப்பு வராது’ என்று எழுதியிருப்பதால் மருந்து என்றார் இன்னொருவர். மேலாளர் வாத்தை மேசைமேல் நகர்த்திப் பார்த்தார். மெல்லிய குரலில் ‘குவாக்’ என்றும் சொல்லிப் பார்த்தார். சந்தேகமில்லாமல் பொம்மை என்றார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர், இது சோப்பாகவும் இருக்கலாமே என்று இழுத்தார். அது ‘மாறுபட்ட கருத்து’ என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

இறுதியில் துணைக்குழு அமைந்தது. பொம்மையென்றால் மிதக்க வேண்டும் என்று வாத்தை வாளித் தண்ணீரில் விட்டோம். ஆழ்ந்து விவாதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வாளியில் நுரைதான் இருந்தது. சான்றுப் பொருள் ‘தானாகவே மறைந்துவிட்டதால்’ புதிய மாதிரி அனுப்பும்படி என் வீட்டுக்குக் கடிதம் எழுதினோம். தபால் செலவை மிச்சப்படுத்த நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மனைவி படித்துப் பார்த்தாள். “இந்தக் குழுவுல நீங்களும் இருக்கீங்களா?”

“நான்தான் தலைவர்.”

அவள் இன்னொரு வாத்தைப் பொட்டலம் கட்டித் தந்தாள்.

மாதம் முடிவதற்கு முந்தின நாள் எங்கள் உதவித் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

“சார், என் சோப்பு எந்த வகைன்னு தெரியணும். இன்னைக்குத் தெரியலன்னா நாளைக்குக் கடையை மூடிடுவாங்க.”

அவள் குரல்தான். எதிரில் மேலாளர் உட்கார்ந்திருந்தார், பேசுவதெல்லாம் பதிவாகிறது. விதிப்படி பேசினேன்.

“உங்க கேள்வியைப் பதிவு பண்ணிட்டோம்மா. அவசரம்னா, வீட்ல விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க.”



“கேட்டேன் சார். ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன்னு போனார்.”

“ரொம்ப நல்லதும்மா. அவர் வர்ற வரைக்கும் காத்திருங்க.”

மறுநாள் கடை மூடப்பட்டது. அன்று நான் வீட்டுக்குப் போனபோது அவள் வாத்து அச்சுகளைக் கழுவித் துடைத்து, ஸ்டூலில் ஏறிப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆனால் கேள்வி நிலுவையில் இருக்கும்போது வருத்தம் தெரிவிப்பது முடிவை முன்கூட்டியே வெளியிடுவதாகும் என்று உட்பிரிவு எச்சரித்திருந்தார்.

ஆண்டு விழாவில் எங்கள் பிரிவுக்குக் கேடயம் கிடைத்தது. எங்கள் வட்டாரத்தில் வரி ஏய்க்கும் இணைய வியாபாரி ஒருவர்கூட இல்லையாம். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. கேடயத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினேன். அதில் பொறித்திருந்ததை அவள் நிதானமாகப் படித்தாள்.

“ஒருத்தரையும் கடை நடத்த விடலன்னா, ஏய்க்கிறதுக்கு யாருங்க இருப்பாங்க?”

இத்தனை காலமாக நாங்கள் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ‘ஒருவரையும் கடை நடத்த விடாதிருத்தல்’ என்று அதையே அடுத்த ஆண்டின் பணித்திட்டமாக எழுதி மேலாளரிடம் நீட்டினேன். எங்கள் பிரிவின் வரலாற்றில், கொடுத்த அன்றே ஒப்புதலான காகிதம் அது ஒன்றுதான்.