கொட்டாவி சாருக்கு மாற்றல்

நான் கொட்டாவி விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் பத்து வயதுப் பெண் ஒருத்தி கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அத்தனை வீக்கத்துக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

“அம்மா! கொட்டாவி சார்!”

டாக்டர் நெற்றியில் கட்டிய விளக்கோடு வெளியே போய்ப் புத்தகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

“அட, ஆமா சார். அந்தக் காதுகூட!”

என் வாயில் பஞ்சும் ஒரு கம்பியும் இருந்தன. மறுப்புத் தெரிவிக்க வழியில்லை.

அந்தப் புத்தகம் எனக்குத் தெரியாததல்ல. எழுதியதே நான்தான். ‘ஏழாம் வகுப்பு இ பிரிவு’ என்று ஒரு வரிசை, ஐந்து புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஒரு நடுநிலைப் பள்ளியில் நடக்கிற கூத்து. நாள்தோறும் தாமதமாக வந்து நாள்தோறும் புதுக் காரணம் சொல்கிற லேட்டு என்ற பையன்தான் நாயகன். கொட்டாவி சார் அவனுடைய பூகோள ஆசிரியர்.

பகலில் நான் நில அளவைத் துறை அலுவலகத்தில் வரைபடங்களுக்கு எண் போடுகிறவன். பதினெட்டு வருடமாகப் போடுகிறேன். மாலையில் எழுதுகிறேன். படம் வரைவது என் மனைவி. அவள் அதற்கு முன் பதினோரு வருடம் உயிரியல் பாடநூல்களுக்குத் தவளை வரைந்தவள். ஒரு தவளையின் குடலை அத்தனை அழகாக வளைக்க வேறு ஆள் கிடையாது. ஆனால் பாடநூல் தவளையை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. அதை அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாததால்தான் எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. முதல் புத்தகத்தின்போது ஒன்பது நாள் பேசாமலிருந்து, பத்தாம் நாள் செய்துகொண்டது. வார்த்தை என்னுடையது, அதில் அவள் கை வைக்கக்கூடாது. படம் அவளுடையது, அதில் நான் வாய் வைக்கக்கூடாது. நான் எழுதி, படத்துக்கு வெற்றுக் கட்டம் விட்டுக் கொடுப்பேன். அவள் கட்டங்களை நிரப்பி நேரே அச்சகத்துக்கு அனுப்பிவிடுவாள். அச்சான பிறகே நான் பார்ப்பேன். பார்ப்பேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. என்னுடைய வரிகளைப் படித்து ரசிக்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கும்.

அன்று முதல்முறையாகப் படத்தைப் பார்த்தேன். ஐந்து புத்தகங்களையும் கையில் எடுத்துக்கொண்டு, பாதி மரத்த வாயோடு, அவள் மேசைக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“இது யாரு?”

“கொட்டாவி சார்.”

“அது தெரியுது. யாரைப் பாத்து வரைஞ்சே?”

“நீங்க என்ன எழுதிக் கொடுத்தீங்க? ‘பூகோள ஆசிரியர் பாடம் நடத்தும்போதே கொட்டாவி விடுவார்.’ ஒரே வரி. மூக்கு எழுதலை, காது எழுதலை, தலையில முடி உண்டா இல்லையான்னு எழுதலை. நான் எங்கே போய்த் தேடறது? நிமிந்து பாத்தேன். எதிர்ல நீங்க இருந்தீங்க.”

“நான் இப்படியா இருக்கேன்? கண்ணாடிக் காலை நூலால கட்டிக்கிட்டு, சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு?”

அவள் என் நெஞ்சைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டாவது பட்டன் மூன்றாவது ஓட்டையில் இருந்தது.

“இது அவசரத்துல...”

“அஞ்சு புத்தகமா அவசரம்.”

ஏழாம் வகுப்பில் படிக்கிற எங்கள் மகள் உள்ளறையிலிருந்து தலையை நீட்டினாள்.

“அப்பா, உங்களுக்கு இப்பதான் தெரியுமா? எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் ஒண்ணாவது புத்தகத்துலேயே தெரியும்.”

இதைச் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் மகளின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நான்கு மாதம் கழித்துப் புது நூலகம் திறக்கிறார்கள். எழுத்தாளரும் ஓவியரும் மேடைக்கு வர வேண்டுமென்று தலைமையாசிரியை அழைத்திருந்தார். எழுத்தாளர்! அந்த ஒரு சொல்லை மட்டும் நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். வரைபடத்துக்கு எண் போடுகிறவனை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. நான்கு பக்கத்துக்கு ஒரு சொற்பொழிவும் எழுதிவிட்டேன். அதில் மூன்று இடத்தில் கைதட்டலுக்கு நிறுத்தம் விட்டிருந்தேன். முந்நூறு பிள்ளைகளும் சேர்ந்து ‘கொட்டாவி சார்’ என்று கத்தினால் அந்த எழுத்தாளன் எங்கே போய் நிற்பான்?

ஆறாவது புத்தகம் அந்தத் திறப்பு விழாவன்றுதான் வெளியாக இருந்தது. அதன் முதல் அத்தியாயத்தின் முதல் வரியை அன்று மாலையே எழுதினேன்: ‘கொட்டாவி சார் மாற்றலாகிப் போய்விட்டார்.’ பிரிவுபசாரம்கூட வைக்கவில்லை. இரண்டாவது வரியில் புது ஆசிரியர் வந்துவிட்டார். ஆறடி உயரம், சுருள்முடி, பிறந்ததிலிருந்து கொட்டாவி விட்டதில்லை. மூக்கு, காது, தாடை எல்லாவற்றையும் இம்முறை நானே எழுதினேன். மிச்சம் வைக்கவில்லை.

வார்த்தை என்னுடையதல்லவா?

அவள் படித்தாள்.

“மாத்தலா?”

“மாத்தல்.”

“எந்த ஊருக்கு?”

“ரொம்ப தூரம்.”

“பாவம்.”

“யாரு பாவம்?”

“சார்தான். அவருக்கும் குடும்பம் இருக்குமில்ல?”

“அவருக்குக் குடும்பம் இருக்குன்னு நான் எழுதவே இல்லையே!”

“எழுதலைன்னா இல்லாம போயிடுமா?” என்றாள். தாளிலிருந்த வெற்றுக் கட்டங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “சரி” என்றாள்.

சண்டை போட நான் எட்டு வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் ஒரே சொல்லில் சரி என்ற முதல் சந்தர்ப்பம் அது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். மகிழ்ந்தேன்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் காட்டிய மரியாதை தனி. நடுநடுவே பென்சிலை நிறுத்திவிட்டு ஆலோசனை கேட்பாள்.

“ஏங்க, வகுப்புல ஜன்னல் எத்தனை?”

“ரெண்டு.”

“மூணா இருக்கட்டுமா?”

“தாராளமா. காத்து வரட்டும்.”

“பீரோ உண்டா?”

“உண்டு. வரைபடம் வைக்கிற பீரோ. பெரிசு. ஓர் ஆள் நிக்கலாம்.”

“படிக்கட்டுக்குக் கீழ இடம் இருக்குமா?”

“ஏன் இல்லாம? உடைஞ்ச பெஞ்சையெல்லாம் அங்கேதான் போடுவாங்க. வராந்தாவுல தடியா நாலு தூண் வை. பள்ளிக்கூடம்னா தூண் வேணும்.”

“எனக்கு இதெல்லாம் தோணவே இல்லைங்க,” என்றாள். நான் தலையை ஆட்டினேன். எழுத்தாளன் இல்லாமல் ஓவியம் ஏது என்று மனத்துக்குள் ஒரு வரி எழுந்தது. அதைச் சொற்பொழிவில் சேர்த்துக்கொண்டேன்.

அத்தோடு விடவில்லை. என் முகத்தையும் மாற்றினேன். மீசை வளர்த்தேன். நூல் கட்டிய கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தடித்த கறுப்பு விளிம்பில் ஒன்று வாங்கினேன். நிலைக்கண்ணாடி முன் நின்று பட்டன்களை எண்ணிப் போட்டேன்.

“மீசை நல்லா இருக்கே,” என்றாள் அவள். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினேன்.

“வெளிச்சத்துக்கு.”

வெளிச்சத்துக்கும் திரும்பினேன். மனைவி ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வயதில் அந்த நினைப்பு வந்தால் மனிதன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அசையாமல் நிற்பான்.

விழா நாள். பள்ளியின் பெரிய கூடத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் முன்வரிசை நாற்காலியில். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீசை வேலை செய்தது. அச்சகத்திலிருந்து நேரே வந்திருந்த கட்டுகளைப் பிரித்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள்.

சத்தம் அடங்கியது. முந்நூறு தலைகளும் குனிந்தன.

“பாத்தியா,” என்றேன் மெதுவாக, “எப்படி ஊன்றிப் படிக்கிறாங்க!”

“ஆமாங்க. கண்ணை எடுக்கலை.”

அப்போது எங்கோ மூலையிலிருந்து ஒரு குரல். “பீரோவுக்குள்ள!”

“எனக்கு ஜன்னல்ல!” என்றது இன்னொன்று. “மூணாவது ஜன்னல்!”

“பன்னெண்டாம் பக்கம் பாருடி, உடைஞ்ச பெஞ்சுக்கு அடியில!”

எனக்குப் பின்னால் இருந்த ஒரு குழந்தையின் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். புது ஆசிரியர் ஆறடி உயரத்தில் கம்பீரமாக நின்றார். அவரை யாரும் சீந்தவில்லை. பின்னாலிருந்த பீரோக் கதவு விரலளவு திறந்திருந்தது. உள்ளே ஒரு கொட்டாவி. அதற்கு மேலே புது மீசை. மீசைக்கு மேலே தடித்த கறுப்பு விளிம்பு. பக்கத்தைப் புரட்டினேன். வராந்தா. நான் வைக்கச் சொன்ன நான்கு தூண்கள். மூன்றாவது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சட்டைப் பட்டன் மட்டும் தெரிந்தது, மாற்றிப் போட்டது.

முப்பத்திரண்டு கட்டங்கள் விட்டிருந்தேன். முப்பத்திரண்டிலும் இருந்தார்.

“என்ன இது?” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. பல் வலித்தது. “அவர்தான் மாத்தலாகிப் போயிட்டாரே!”

“போனார். நீங்க எழுதினதுல ஓர் எழுத்தை நான் மாத்தலை.”

“அப்ப இங்க என்ன பண்றார்?”

“இத்தனை வருஷம் பழகின பிள்ளைங்க. விட்டுட்டு இருக்க முடியலை போல. வந்து ஒளிஞ்சு நின்னு பாத்துட்டுப் போறார்.” மேடையைப் பார்த்தபடியே சொன்னாள். “தவளைன்னா சும்மா விட்டிருப்பேங்க. இவரைப் பிள்ளைங்க திரும்பத் திரும்பப் பாக்கறாங்க.”

சொற்பொழிவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மெல்ல எழுந்தேன். கூடத்தின் ஓரத்தில் தடியாக ஒரு தூண் இருந்தது. கால்மணி நேரம் அதன் பின்னால் நின்றால் கூட்டம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

“இப்போது எழுத்தாளரை மேடைக்கு அழைக்கிறேன்,” என்றார் தலைமையாசிரியை. நாற்காலியைப் பார்த்தார். “எழுத்தாளர் எங்கே?”

வேறு புத்தகம் படித்த பிள்ளைகளாக இருந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் பத்து நிமிடமாக இதே பயிற்சியில் இருந்தவர்கள். முந்நூறு தலைகள் நிமிர்ந்தன. முதலில் ஜன்னல்களைப் பார்த்தார்கள். பிறகு பீரோவை. அப்புறம் மேசைக்கு அடியில். முதலில் கத்தியது என் சொந்த மகள்தான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

“தூணுக்குப் பின்னாடி!”

அந்தக் கைதட்டலுக்கு என் சொற்பொழிவில் நிறுத்தம் விடவில்லை. கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்கள். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் ஒரு வார்த்தை பேசத்தான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் முழுக்க நூற்று நாற்பது வரைபடங்களுக்கு எண் போட்டவனின் வாய் அது. தானாகவே இன்னும் கொஞ்சம் திறந்தது. பிறகு இன்னும் கொஞ்சம்.

எந்த எழுத்தாளனுக்கும் அப்படியொரு ஆரவாரம் கிடைத்திருக்காது.

விழா முடிந்ததும் பிள்ளைகள் புத்தகத்தோடு வரிசையில் வந்தார்கள். பேனாவைத் திறந்தேன்.

“கையெழுத்து வேண்டாம் சார்,” என்றாள் முதலில் நின்ற பெண். கன்ன வீக்கம் வடிந்திருந்தாலும் பல் டாக்டரிடம் கேட்ட அந்தக் குரல் அடையாளம் தெரிந்தது. “ஒரு கொட்டாவி போதும்.”

வரிசை வாசல்வரை இருந்தது. முதல் இருபது நடிப்பு. மற்றதெல்லாம் உண்மை. கூடத்தின் ஓரத்தில் என் மனைவி மடியில் தாளை வைத்துக்கொண்டு, நிமிர்ந்தும் குனிந்தும் எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

ஏழாவது புத்தகத்துக்கு நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. படமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டதாக நேற்று அச்சகத்திலிருந்து சொன்னார்கள்.