புல்லைக் காக்க ஐந்து நாள்

யாரும் கற்றுத் தராமலேயே மாசாய் மக்கள் பல நூறு ஆண்டுகளாக மாடு மேய்த்து வந்திருக்கிறார்கள். இப்படியோர் ஒழுங்கீனத்தை நாகரிக உலகம் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டது பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும். கடைசியில், மாசாய் நிலத்தின் கஜியாடோ பக்கம் மழை பொய்த்த ஓர் ஆண்டில், 'பசுமை நாளை' என்னும் தொண்டு நிறுவனம் நான்கு ஜீப்புகளில் வந்திறங்கி அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது.

ஐந்து நாள் பயிற்சி. பொருள்: 'கால்நடைத் தொழில்முனைவும் மேய்ச்சல் நிலப் பாதுகாப்பும்'. நைரோபியிலிருந்து வந்த பயிற்சியாளர் முதூரி இடம் தேடினார். சுற்றிலும் செம்புழுதி. ஒரே ஓர் இடத்தில்தான் புல் நின்றது. சிரோங்கா என்னும் மாசாய் மேய்ப்பர் நான்கு மாதமாக முள்வேலி போட்டு, பெரிய மாடுகளை அண்டவிடாமல், கன்றுகளுக்கென்று காத்துவந்த துண்டு நிலம் அது. வேலியைப் பிரித்துக் கூடாரம் அடித்தார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது பின்னணி பச்சையாக இருந்தால்தானே படம் எடுபடும்?

சிரோங்கா ஓடிவந்தார்.

"சார், பெரிய மாடு எத்தனை நாள் வேணா நடந்து மேஞ்சுக்கும். கன்னு எங்க போகும்? இத விட்டா அதுங்க வாயில வைக்க ஒண்ணுமில்ல."

"கவலைப்படாதீங்கய்யா. அதைத்தான் மூணாவது நாள் சொல்லித்தரப் போறோம்."

சிரோங்கா குனிந்து ஒரு பிடி புல்லைப் பறித்துத் தலைக்குமேல் உயர்த்தினார். அந்த மண்ணில் ஒருவர் கையில் புல்லோடு நின்றால், அடிக்க ஓங்கிய தடியும் தாழும். ஊரே அசையாமல் நின்றது. நிறுவனத்தோடு வந்த படக்காரர் மட்டும் அசைந்தார்.

"பிரமாதம்! அப்படியே நில்லுங்க. கை இன்னும் கொஞ்சம் மேல. சிரிங்க!"

முதூரிக்குக் கண் கலங்கியது. "பாத்தீங்களா? வகுப்பு தொடங்குறதுக்குள்ள விழிப்புணர்வு வந்திடுச்சு."

"அதான் படம் புடிச்சாச்சே, எறக்குய்யா கைய," என்றாள் சிரோங்காவின் மனைவி நூன்கிஷு.

இரண்டாம் நாள் 'சொத்து மதிப்பீடு'.

"உங்ககிட்ட மொத்தம் எத்தனை மாடு?"

"மாட்ட எண்ணக் கூடாது சார்."

"அப்புறம் ஒண்ணு காணாமப் போனா எப்படித் தெரியும்?"

"ஏன், மூஞ்சி தெரியாதா? உங்க வீட்டுப் புள்ளைங்கள நீங்க எண்ணித்தான் கண்டுபுடிப்பீங்களா?"

முதூரி தம் தாளில் 'கணக்கறிவு: இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அரிய உண்மை ஒன்று வெளியிடப்பட்டது: கொஞ்சம் புல்லை வேலியிட்டு, கன்றுகளுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். எல்லோரும் வேலி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அது பயிற்சியாளர்களின் தேநீருக்கடியில் எரிந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் கூடாரம் பிரிக்கப்பட்டது. அதனடியில் தரை, வகுப்பறைத் தரைபோல மொழுமொழுவென்றிருந்தது. சிரோங்காவுக்குப் பச்சைக் கரையிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். ஒட்டிய வயிற்றோடு வந்த கடைக்குட்டிக் கன்று அதை வாங்கித் தின்றது. அன்று அதற்குக் கிடைத்த பச்சை அவ்வளவுதான்.

மறுநாள் கணவனும் மனைவியும் கன்றுகளைப் பத்திக்கொண்டு புறப்பட்டார்கள். நடக்க முடியாத கடைக்குட்டி சிரோங்காவின் தோளில் கிடந்தது. பின்னால் வந்த ஜீப்புகள் நின்றன. முதூரி தலையை நீட்டினார்.

"எங்கய்யா கிளம்பிட்டீங்க?"

வழியில் கண்டவர் கேட்டால் எங்கே போகிறோம், அங்கே புல் எப்படி, தண்ணீர் எப்படி என்று ஒன்றுவிடாமல் சேதி சொல்லியாக வேண்டும். மறைப்பது மாசாய்க்கு இழுக்கு. நூன்கிஷு இடுப்பில் கிள்ளக் கிள்ள, சிரோங்கா சொன்னார்:

"மலைக்கு அந்தாண்ட, என் மச்சான் ஊருக்கு சார். அவன் வேலி போட்டு வச்ச கன்னுப் புல்லு இன்னும் முழங்கால் ஒசரம் நிக்குதாம்."

"முழங்கால் உயரமா!"

முதூரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஜீப்புகள் நான்கும் மலைப் பக்கம் திரும்பி, கன்றுகளின்மேல் புழுதி இறைத்துக்கொண்டு முந்திச் சென்றன.

அந்த நிறுவனத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். மாசாய் நிலத்தில் எங்கேனும் ஒரு பிடி புல் மிஞ்சியிருக்கும்வரை, அதைப் பாதுகாக்காமல் அது ஓயாது.