பாதுகாப்பான இடம்

மூன்று முறை கீச்சிட்டுவிட்டு இரும்புப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டியது. வெண்டல் அதை ஓங்கி உதைத்தான். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் அவன் கால் கட்டைவிரலுக்குத்தான்.

"இன்னும் கத்தி வரலையா?" மேலே சமையலறையிலிருந்து மனைவி ஜோலீனின் குரல் நிலவறைக்கு இறங்கி வந்தது. "கறி ரோஸ்ட் ஆறிக்கிட்டிருக்கு!"

"வருது, வருது!"

"அரை மணி நேரமா வருது! கத்தியா, கல்யாண ஊர்வலமா?"

அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சினில் நவம்பர் மாதத்து வியாழக்கிழமை மாலை அது. சனிக்கிழமை விடிந்தால் மான் வேட்டை தொடக்கம். அந்த வாரத்தில் எங்கள் ஊரில் பல் பிடுங்க ஆள் கிடைக்காது, கல்யாணம் பண்ணிவைக்கப் பாதிரியார் கிடைக்க மாட்டார். பனி தள்ளும் லாரி ஓட்டும் வெண்டலும் ஒரு வாரம் லீவு போட்டிருந்தான். பனியும் அதற்குத் தக்கபடி காத்திருக்க வேண்டியதுதான்.

அவனுடைய மூத்த மகள் சிக்ரிட்டுக்குப் போன மாதம் பன்னிரண்டு வயது நிறைந்தது. அந்த வயது வந்த பிள்ளைக்குச் சொந்தத் துப்பாக்கி ஒன்றும் வேட்டைக் கத்தி ஒன்றும் தருவது இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். ஜோலீனின் அப்பா ஆர்விட் இரண்டுக்கும் சிவப்பு ரிப்பன் கட்டி, பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

அன்று கேக் வெட்டப்படவில்லை.

"ஆறு வயசுக் குழந்தை இருக்கிற வீடுப்பா இது," என்றாள் ஜோலீன். ஆறு வயது என்றது இளையவள் மேபலை. ஜோலீன் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். "போன வருஷம் என் கையில ஒரு குழந்தையைக் கொண்டுவந்து குடுத்தாங்க. 'பூட்டித்தான் வெச்சிருந்தோம்'னு அவங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தான். அதை நீங்க யாரும் கேட்கலை. நான் கேட்டேன்."

மறுநாளே வெண்டல் ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, நிலவறையின் சிமென்ட் தரையில் நான்கு போல்ட் போட்டு முடுக்கினான். ஜோலீன் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு விரலை நீட்டினாள்.

"உன்னைத் தவிர வேற ஒரு ஆள் இதைத் திறந்ததாத் தெரிஞ்சுது, அன்னிக்கே அத்தனை துப்பாக்கியும் எங்கப்பா வீட்டுக்குப் போயிடும். இவ வேட்டைக்கும் போக மாட்டா. அழுதாலும் சரி, புரண்டாலும் சரி."

சிக்ரிட் அழவும் இல்லை, புரளவும் இல்லை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்த் தேர்வில் ஒரு தப்பும் இல்லாமல் தேறினாள். ஆரஞ்சு நிற வேட்டை ஜாக்கெட் வாங்கினாள். மூன்று வாரமாக அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

எல்லாம் புதன்கிழமை வரை சரியாகத்தான் இருந்தது. புதன்கிழமை மாலை வெண்டல் வீட்டுக்குள் நுழைந்தபோது சிக்ரிட் சமையலறை மேஜையில் தன் வேட்டைக் கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். மேபல் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, சினிமா பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்டலுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"சின்னப் பிள்ளை முன்னாடியா கத்தி தீட்டற? இனிமே இந்த வீட்டுல கத்தின்னு ஒண்ணு வெளிய இருக்கக் கூடாது!"

"அப்ப அம்மா வெங்காயம் நறுக்கறது?"

"அதுவும் உள்ள!"

"ரொட்டிக் கத்தி?"

"உள்ள!"

"பீட்சா வெட்டற சக்கரம்?"

எதிர்த்துப் பேசாதே என்று சொல்லிவிட்டு அதையும் எடுத்துக்கொண்டான். கோபம் வந்தால் வெண்டல் அரைகுறையாக எதையும் செய்ய மாட்டான். கத்தரிக்கோல், நகம் வெட்டி, சீஸ் சீவி எல்லாம் கூடைக்குள் விழுந்தன. பெட்டியைத் திறந்து, உள்ளே பார்க்காமலே எல்லாவற்றையும் கொட்டினான். அப்போதுதான் பின்னாலேயே வந்த சிக்ரிட் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, நம்பரை மாத்திடுங்க. ஸ்கூல்ல நீங்க ஃபுட்பால் ஆடின ஜெர்சி நம்பரைத்தானே ரெண்டு தடவை அழுத்தறீங்க? எங்க பஸ்ல எல்லாருக்கும் தெரியும். எல்லார் அப்பாவும் அதான் வெச்சிருக்காங்களாம்."

உண்மைதான். இந்த வட்டாரத்தில் ஜெர்சி எண்ணில் திறக்காத பெட்டி கிடையாது. என் பெட்டியும் அப்படித்தான் இருந்தது. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் போய் மாற்றிவிட்டு வந்தேன்.

"சத்தமா சொல்லாதடி! உங்கம்மா காதுல விழுந்தா அவ்வளவுதான்!" என்று ஊருக்கே கேட்கும்படிக் கத்திவிட்டு, வெண்டல் அந்த நிமிஷமே எண்ணை மாற்றினான். எண்களை உரக்கச் சொல்லிச் சொல்லி அழுத்துவது அவன் வழக்கம். அன்று கோபத்தில் ஒவ்வொரு எண்ணையும் திட்டுவது போலச் சொல்லி, குத்துவது போல அழுத்தினான்.

என்ன கத்தினோம் என்பது கத்தினவனுக்கு எப்போது நினைவிருந்திருக்கிறது?

இப்போது தாடையைச் சொறிந்துகொண்டு பெட்டியின் முன்னால் நின்றான். கல்யாண நாளாக இருக்கலாம். கல்யாண நாள் என்ன என்பது அடுத்த பிரச்சினை. ஏதோ ஒன்றை அழுத்தினான். பெட்டி நீளமாக ஊளையிட்டது. இனி இருபது நிமிஷம் எதையும் ஏற்காது என்று பொருள்.

மேலே ஜோலீன் ரோஸ்ட்டை இரண்டு முள்கரண்டியால் இழுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பாதி தட்டில் விழுந்தது, பாதி நாய்க்குக் கிடைத்தது. அந்த வீட்டில் கோபம் இல்லாத ஒரே ஜீவன் அன்று நாய்தான்.

"மேபல், ஏன் சாப்பிடலை? உதட்டுல என்ன அது, சாக்லேட்டா? ஹாலோவீன் மிட்டாய் இன்னுமா தீரலை?"

"சிக்ரிட் திருடறான்னு ஒளிச்சு வெச்சிருக்கேன்," என்றாள் மேபல்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்!" என்றாள் சிக்ரிட்.

"சண்டை போட்டா ரெண்டு பேருக்கும் கிடையாது!" என்றாள் ஜோலீன். அவள் கோபம் எல்லாம் நிலவறையில் இருந்தது.

வெண்டல் பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டான். தேன் போலப் பேசும் ஒரு பெண் எடுத்தாள்.

"கவலைப்படாதீங்க சார். பெட்டியோட வந்த கவர்ல ஒரு அவசர எண் இருக்கும். அந்தக் கவரைப் பாதுகாப்பான இடத்துல வைக்கச் சொல்லியிருந்தோமே?"

"வெச்சிருக்கேன்."

"எங்க சார்?"

"பாதுகாப்பான இடத்துல."

"பெட்டிக்குள்ளயா சார்?"

"பெட்டிக்குள்ளதான்!" என்று வெண்டல் சீறினான். "பின்ன, பூந்தொட்டியிலயா வைப்பாங்க?"

பெட்டியின் முதுகிலும் ஓர் எண் பொறித்திருக்கும், நகர்த்திப் பாருங்கள் என்றாள் அவள். நகர்த்த வேண்டுமானால் நான்கு போல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்த போல்ட்டுகளை, திருடன் கை படக் கூடாது என்று, உள்பக்கமிருந்து முடுக்கியிருந்தான் வெண்டல். பூட்டுத் திறப்பவருக்குப் போன் போட்டான். அவருடைய போனில் அவர் குரலே பதிவாகி இருந்தது: "மான் வேட்டைக்குப் போயிருக்கேன். டிசம்பர்ல கூப்பிடுங்க."

வேறு வழியில்லாமல் மாமனாரைக் கூப்பிட்டான். ஆர்விட் பத்தே நிமிஷத்தில் கடப்பாரையோடும் துளைபோடும் மெஷினோடும் வந்து இறங்கினார்.

"மாப்ளே, தள்ளு. இதெல்லாம் எனக்குப் பச்சைத் தண்ணி."

"நீங்க துப்பாக்கியைக் குடுத்ததாலதான் மாமா இவ்வளவும்!"

"நான் துப்பாக்கிதான் குடுத்தேன். அதோட கீரைக் கத்தியையும் உள்ள வெச்சுப் பூட்டுன்னு நானா சொன்னேன்?"

துளைபோடும் மெஷினின் முனை முதல் அழுத்தத்திலேயே முறிந்தது. ஆர்விட் பெட்டியை, அதற்குப் புரியட்டும் என்று, தன் முன்னோரின் நார்வேஜிய மொழியில் திட்டிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். கதவின் இடுக்கில் கொடுத்து, மூச்சைப் பிடித்து நெம்பினார். கதவு அசையவில்லை. கடப்பாரை அசைந்தது. வழுக்கிப் போய்ச் சுவரோரம் ஓடிய தண்ணீர்க் குழாயின் மேல் விழுந்தது.

தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது.

"வால்வை மூடு மாப்ளே!"

"துருப்பிடிச்சுப் போச்சு மாமா, திரும்பலை!"

"டேப் சுத்து!"

டேப் இருந்தது. வெட்டக் கத்தி இல்லை. வெண்டல் டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தான். அது அவன் மீசையில் ஒட்டிக்கொண்டது. ஆர்விட் அதைப் பிடுங்கினார். வெண்டல் எழுப்பிய அலறலில் நாய் மாடிக்கு ஓடியது.

"தள்ளுங்க ரெண்டு பேரும்!"

சிக்ரிட்தான். சாப்பாட்டு மேஜையில்கூடக் கழற்றாத ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி, குழாயைச் சுற்றி இறுக்கி, அதன் கைகள் இரண்டையும் முடிச்சுப் போட்டு, அதன் மேல் தன் எடை முழுவதையும் வைத்துச் சாய்ந்தாள். பீறிட்ட தண்ணீர் சொட்டாகக் குறைந்தது. அப்புறம் ஒரு நிமிஷத்தில் ஆர்விட் வால்வைத் திருப்பிவிட்டார்.

ஜோலீன் படியிறங்கி வந்தாள். கணுக்கால் தண்ணீரில் நின்றாள். மீசையில் பாதியை இழந்த கணவனைப் பார்த்தாள். கடப்பாரையைப் பின்னால் ஒளித்துக்கொண்ட அப்பாவைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டே ஜாக்கெட்டைப் பிழிந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தாள். எல்லோரும் இடிக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் பெட்டியின் கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"நம்பர் மறந்துபோச்சு, அதானே?"

"ம்."

"ஒரு மாசமா நான் ஒழுங்காத் தூங்கலை, வெண்டல்," என்றாள். குரல் உடைந்திருந்தது. "வேலையில இருந்தாலும் இந்தப் பெட்டிதான் மனசுல. ரெண்டு தடிமாடுங்க கடப்பாரை வெச்சு நெம்பியும் திறக்கலைன்னா, இதை வேற யாரால திறக்க முடியும்? இன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கப் போறேன்."

பிறகு சிக்ரிட்டின் ஈரத் தலையைத் தன் ஏப்ரனால் துடைத்தாள்.

"இங்க நிதானமா இருந்த ஒரே ஆள் நீதான்டி. சனிக்கிழமை போய்ட்டு வா. தாத்தா அவர் துப்பாக்கியில ஒண்ணைத் தருவார். ஜாக்கெட்டை ட்ரையர்ல போடு."

சிக்ரிட் அம்மாவைக் கட்டிக்கொண்டு, மூன்று வாரமாக அழாத அழுகையை அழுதாள். ஆர்விட் மூக்கைச் சிந்தினார். வெண்டல் எதற்கென்றே தெரியாமல், "நான் அப்பவே சொன்னேன்ல," என்றான்.

படிக்கட்டின் கடைசிப் படியில், தண்ணீர் படாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மேபல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். எல்லோரும் அழுவதைக் கண்டு அவளுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நானே திறந்து தரேன்ப்பா, அழாதீங்க. ஆனா கீழ்த்தட்டுல, தோட்டாப் பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற என் மிட்டாய்ப் பையை மட்டும் சிக்ரிட் தொடக் கூடாது."