பதிலோடு போகும் நிருபர்

பேட்டி எடுப்பவர்களில் ஒரு ரகம் உண்டு, பார்த்திருப்பீர்கள். கேள்வியோடு போகமாட்டார்கள், பதிலோடு போவார்கள். முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் மணிமணியாக எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டுக்கொண்டு கிளம்புவார்கள். பிறகு எதற்கு ஆளைப் பார்க்கப் போகவேண்டும்? நல்ல கேள்வி. அவர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ் மாணவர் பத்திரிகைக்கு 1952இல் அப்படி வாய்த்தவர் கரமனை தாணுலிங்கம். ஒருமுறை விழிஞ்ஞம் கடற்கரைக்கு பஸ் ஏறிப் போய், வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் யோசுவாவிடம், "கடல் தங்களுக்கு அன்னையல்லவா?" என்று கேட்டார்.

"தம்பி, வலைய மிதிச்சிட்டு நிக்கியளே, கால எடுங்க!" என்றார் யோசுவா.

தாணுலிங்கம் நோட்டைப் பார்த்தார். 'கண்கலங்க, ஆம் என்றார்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. திருப்தியாகத் திரும்பினார்.

அந்த வருஷம் மாணவர்களிலிருந்து பத்திரிகைக்கு எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. தாணுலிங்கத்துக்கு அந்தப் பதவி உயிர். தெருவில் எல்லோரையும் தம்மை 'எடிட்டர்' என்று கூப்பிடச் சொல்லி முன்கூட்டியே பழக்கிவைத்திருந்தார். ஐந்து மணிக்குத் தமிழ்ப் பேராசிரியர் அறையில் கூட்டம். வராதவர் பெயர் தள்ளுபடி. புதுப் பேட்டி ஒன்றோடு போய் நின்றால் போட்டியிடும் லீலாபாய் என்ன ஆவாள்? ஆனால் பேட்டிக்கு ஆள்? வராந்தாவில் அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, மணி இரண்டரைக்கு, கல்லூரிப் பியூன் ஞானையன் ஓட்டமும் நடையுமாக அவரைத் தேடியே வந்தார். விடுவாரா? கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

"தம்பி, சார் ஒரு காரியம் சொல்லிவிட்டாரு..."

"சாரைப் பற்றி ஆறாவது கேள்வி. முதலில், தங்கள் இளமைப் பருவம்?"

"எளமை கெடக்கட்டு. மீட்டிங்கு..."

'இளமை வறுமையில் கழிந்தது என்றார்.' சரி, அடுத்தது. ஞானையன் இரண்டு தடவை எழுந்தார்; இரண்டு தடவையும் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார் நம்மவர். கேள்விகள் நீளமானவை, பதில்கள் தயாரானவை, நடுவில் ஞானையன்தான் இடைஞ்சல். கடைசியில் பதினான்காவது கேள்வி வந்தது: "வருங்கால நிருபர்களுக்குத் தங்கள் அறிவுரை?"

ஞானையன் துள்ளி எழுந்து வராந்தா அதிரக் கத்தினார். "மணி மூணாவப் போவுது! மீட்டிங்க மூணுக்கு மாத்தியாச்சு! கேட்டியளா? ஓடுங்க!"

தாணுலிங்கத்துக்கு மெய்சிலிர்த்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தயாராக இருந்த பதிலை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'நேரந்தவறாமையே நிருபருக்கு அழகு என்று முழங்கினார்.' பிறகு நிம்மதியாக அங்கேயே உட்கார்ந்து நகல் எடுத்தார்.

ஐந்து மணிக்குப் போனால், பேராசிரியர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புது எடிட்டர் லீலாபாய்.

"ஆள் விட்டிருந்தேனே, ஞானையன் சொல்லலியா?"

"ஒன்றும் சொல்லவில்லை, சார். பேட்டி மட்டும்தான் கொடுத்தார்."

லீலாபாய் நகலை வாங்கிக் கடைசி வரியை உரக்கப் படித்தாள். பேராசிரியர் சிரித்த சிரிப்பில் சாவி கீழே விழுந்தது. தாணுலிங்கத்துக்கு அப்போதுதான் ஞானையனின் குரல், வரிக்கு வரி, காதில் விழுந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பாவம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று காலை வீட்டில் உங்களிடம் முக்கியமாக ஒரு காரியம் சொன்னார்கள். நீங்களும் 'ம், ம்' என்று தலையாட்டினீர்கள்.

என்ன சொன்னார்கள்?