சுமதி அக்காவின் மணிக்கட்டும் என் வைத்தியமும்

எனக்கு ஒரு விஷயத்தைப் பாதி சொல்லிக்கொடுத்தால் போதும், மீதியை நானே சேர்த்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். இந்தப் புத்தி ஒருமுறை என் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில், நாள் முழுக்க நின்றுகொண்டு ஸ்க்ரூ முடுக்கும் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்ததால் கம்பெனி டாக்டரிடம் போனேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி, கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். அலறினேன்.

“கட்டவிரல அசைக்கிற தசைநார் ஒரு குழாய் வழியா போகுதும்மா. சில பேருக்குப் பொறவியிலேயே அதுக்கு நடுவுல ஒரு தடுப்பு இருக்கும். இடம் பத்தாது, சீக்கிரம் வீங்கிடும். உனக்கும் இருக்கலாம்” என்றவர், இரண்டு வாரம் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

நாற்காலி! லைனில் நின்ற பதினெட்டுப் பெண்களுக்கும் கண் உறுத்தியது. (எனக்கும் அதுதானே வேண்டும்!) மறுநாள் டீ பிரேக்கில் கேன்டீனே என் கிளினிக். டாக்டர் மெல்லச் சாய்த்ததை மறந்து, அடிபம்பு அடிப்பதுபோல் ஒவ்வொரு கையையும் இழுத்தேன். எல்லோரும் அலறினார்கள். எல்லோருக்கும் தடுப்பு என்று தீர்ப்பளித்தேன்.

“எனுக்கும் பாருடி” என்று கை நீட்டினார் லைன் லீடர் சுமதி அக்கா. என்னை நிரந்தரமாக்கும் படிவத்தில் அந்த வாரம் கையெழுத்துப் போட வேண்டியவர். மரியாதைக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தேன்.

“ஐயோ, கைய பேத்துட்டாளே பாவி!”

பிரேக் முடிந்தபோது லைன் காலி. பத்தொன்பது பேரும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வாசலில்.

“நீ இப்டி இழுத்தா, நல்லா இருக்குற என் கையே வலிக்கும். யார்கிட்டம்மா கத்துக்கின?” என்றார் டாக்டர்.

“உங்ககிட்டதான் சார்.”

பதினெட்டுப் பேர் அரைமணியில் சரியானார்கள். சுமதி அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தால், நிஜமாகவே தடுப்பு! பல மாதமாக வலியை மறைத்திருக்கிறார். (எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள்; தடுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.) கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, என் படிவத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஆபீஸில் திருப்பிவிட்டார்கள். அந்தக் கை குணமாக வேண்டுமே என்று தினமும் அவர் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

கை குணமானது, வேலையும் நிரந்தரமானது. போய்வந்த பழக்கத்தில் அக்காவின் தம்பியையே கட்டிக்கொண்டேன். மணமேடையில் என் கையைப் பிடிக்கும்படி மாப்பிள்ளையிடம் ஐயர் சொன்னபோது, பின்னாலிருந்து நாத்தனார் குரல்: “டேய், கட்டவிரல மட்டும் அவகிட்ட குட்த்துடாதடா!”

வீடியோவில் அது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு கல்யாண நாளிலும் குடும்பமே உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டுப் பார்க்கிறது.