தோசைக்கல் பாயும் பத்திய மீனும்

கடலுக்கும் அருப்புக்கோட்டைக்கும் உள்ள உறவு, பந்தல்குடி வழியாக வரும் மீன் லாரியோடு சரி. அப்படிப்பட்ட கரிசல் காட்டில் மீனுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் தோசைக்கல் பாய்தான். சந்தேகப்படுகிறவர்கள் அவர் மீனைச் சாப்பிட்டதில்லை.

எண்பதுகளின் கடைசி. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் டேப் ரிக்கார்டரோடும் சென்ட் பாட்டிலோடும் வந்திறங்கிய காலம். அங்கே ஓட்டலில் சமையல்காரராக இருந்த எங்கள் தெரு பாய் பெட்டியைத் திறந்தால், உள்ளே கைப்பிடி வைத்த கனத்த இரும்புக் கல். அடியில் தங்கம் இருக்கும் என்று தெருவே காத்திருந்தது. இல்லை என்று உறுதியானதும், பெயர் வைத்துவிட்டுக் கலைந்தது.

எங்கள் பக்கத்தில் மீன் என்றால் மிளகாய்த்தூளில் புதைந்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வந்த மீனின் வயதை மறைக்க நாங்கள் கண்டுபிடித்த நாகரிகம் அது. பாய்க்கு அது அவமானம். லாரி வருகிற நாளில் பந்தல்குடிக்கே சைக்கிள் மிதித்துப் போய், மீனின் கண்ணை உற்றுப் பார்த்துத்தான் வாங்குவார்.

"கண்ணு கலங்கியிருந்தா வேணாம்யா. அழுவுற மீனை நான் சமைக்க மாட்டேன்."

அவருக்கு ஓர் ஆசை. பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் மச்சானுடைய கடை பூட்டிக் கிடந்தது. அதில் தன் கல்லை ஏற்றி, வளைகுடாவில் செய்ததுபோல் காய்கறியோடு வாட்டிய மீன் கடை போட வேண்டும். மனைவியின் அண்ணனான அந்த மச்சான், திருச்சுழியில் மளிகை வியாபாரி. கடை வாசலை அடைத்து நிற்கிற உடம்பு.

"புரோட்டா, சால்னான்னு சொல்லு, சாவியைத் தாரேன். மீன் மேல வெள்ளரிக்காயைத் தூவுறதெல்லாம் நம்மூர்ல ஓடாது மாப்ள."

"ஒருவேளை சாப்புட்டுச் சொல்லுங்க மச்சான். பிடிக்கலைன்னா மறுநாளே மாவு பிசைய உட்காந்துர்றேன்."

புத்தகம் படிக்கிறவனுக்கு நாக்கும் நன்றாக இருக்கும் என்ற மூடநம்பிக்கையில் என்னையும் சாட்சிக்கு அழைத்தார் பாய். உப்பு குறைவு என்பதையே நான் பக்கத்து இலைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அன்று சாயங்காலம் பாய் வீட்டு முற்றத்தில் கல் காய்ந்தது. ஒரு தேக்கரண்டி எண்ணெய். உப்பும் மிளகும் தடவிய சீலா மீன் துண்டுகள் சீறிக்கொண்டு படுத்தன. மச்சான் கரண்டியைத் தூக்கினார்.

"அடி பிடிக்கப் போவுது மாப்ள, திருப்பு!"

"கையை எடுங்க மச்சான். பக்குவம் வந்தா அதுவே கல்லை விடும். இழுத்தா பிஞ்சிரும்."

மழைக்கு ஏங்கும் பரளச்சிக்காரர்கள் மேகத்தைப் பார்ப்பதுபோல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் விட்டது. ஒரே திருப்பு, பொன்னிறம். பிறகு அதே கல்லில் வெங்காயம், தக்காளி, கேரட், வெள்ளரியை வதங்கியும் வதங்காமலும் புரட்டி, எலுமிச்சை பிழிந்து, மீனுக்குப் போர்த்திவிட்டார்.

மச்சான் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வீட்ல யாருக்கு மாப்ள உடம்பு சரியில்ல? பத்தியச் சாப்பாடு மாதிரில்ல இருக்கு!"

பாய் துணியை எடுத்துக் கல்லைத் துடைக்க ஆரம்பித்தார்.

மச்சான் காய்களை விரலால் ஓரம் தள்ளிவிட்டு ஒரு விள்ளல் எடுத்தார். மென்றார். தள்ளிய காய்களைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து பாயின் மனைவி சட்டியோடு வந்தார். கணவர் மேல் நம்பிக்கைதான். அதற்காக அண்ணனைப் பட்டினி போட முடியுமா? பாய்க்குத் தெரியாமல் கொல்லையில் குழம்பு கொதித்திருக்கிறது.

"அண்ணே, மீன் குழம்பு ஊத்தட்டுமா? சோறும் இருக்கு."

பாய் தலையைக் குனிந்துகொண்டு, துடைத்த கல்லையே மறுபடி துடைத்தார்.

மச்சான் இடது கையை அகல விரித்துத் தட்டை மூடினார். எந்த விருந்திலும் அவர் அப்படி மூடி ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

"ஊத்தாத தாயி, ருசி கெட்டுரும்." பிறகு பாயைப் பார்த்து, "மாப்ள, சாவி சட்டைப் பையில கெடக்கு. என் கை எச்சி. நீயே எடுத்துக்க."

கடை திறந்த பிறகு தூத்துக்குடி டிரைவர்கள், கடலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் லாரியை நிறுத்தி மீன் சாப்பிட்டுப் போனார்கள். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இப்போது வீட்டில் மீன் வாட்டுவது என் வேலை. ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டுப் பிய்த்துவிடுகிறேன். கரண்டியைத் தூக்குமுன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், பாய் வந்து கையைத் தட்டிவிட மாட்டாரா என்று.