அலிமாவின் தாழ்ந்த குரல் குறித்து மருமகனுக்கு

தென்காசி

அன்பு மருமகன் அஹ்சன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமா பீர் மைதீன் எழுதுவது. இங்கே சாரல் நன்றாக விழுகிறது, வீட்டில் எல்லோருக்கும் சளி, மற்றபடி அல்லாஹ் குறை வைக்கவில்லை. நீங்களும் மகள் முஹ்ஸினாவும் சென்னையில் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இதைப் பேசியே அனுப்பியிருக்கலாம். என் குரலையும் பிடித்துச் சமன் செய்துவிடுவீர்களோ என்ற பயத்தில் காகிதத்தில் எழுதுகிறேன்.

நான் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்த காலத்தில், மவுத்தான உங்கள் மாமி அலிமா பேசி அனுப்பிய கேசட்டுகளை உங்கள் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனீர்கள். முதல் கேசட்டைச் சுத்தம் செய்து போனுக்கு அனுப்பி, கேசட்டையும் கூரியரில் திருப்பினீர்கள். மெத்த சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஐந்தருவிக்கு வேன் பிடித்தோம், டிரைவர் செல்லச்சாமி அதை வேன் ஸ்பீக்கரில் போட்டார், மாமி எல்லோருக்கும் ஸலாம் சொன்னாள், ஊர் விசேஷம் சொன்னாள், நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அதே சத்தத்தில், "உங்க தங்கச்சி ஹஸீபா ஆணத்துல உப்ப அள்ளிப் போடுதா, நான் வாயத் தொறந்தா உங்க உம்மாவுக்குக் கோவம் வருது" என்றாள். ஹஸீபா பின் சீட்டில் நெய்ச்சோற்றுத் தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். குற்றாலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கடையநல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். நெய்ச்சோறும் அவளோடு போயிற்று.

போனில் கேட்டதற்கு, அது கம்ப்ரஷன், துள்ளுகிற சத்தத்தை அமுக்கி, கீழே கிடப்பதைத் தூக்கிவிட்டிருக்கிறேன், எந்த இரைச்சலிலும் ஒரு வார்த்தை தப்பாது என்றீர்கள். ஏசி கம்ப்ரஸரில் வாயுவை அமுக்குகிற வேலை எனக்கும் தெரியும், மருமகனே. எவ்வளவு அமுக்கலாம் என்று அதிலும் ஓர் அளவு இருக்கிறது.

தம்மாமில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம், எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள், யாருக்குக் கேசட் வந்தாலும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். மாமி முதலில் வீட்டில் இருப்பவர்கள் காதில் விழும்படி பலமாகப் பேசுவாள். பிறகு குரலைத் தாழ்த்துவாள். தாழ்ந்த உடனே, இது நமக்கில்லை என்று ஏழு பேரும் எழுந்துபோய் டீ போடுவார்கள். ஒருவரும் சொல்லித்தரவில்லை. நான் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொள்வேன். நீங்கள் அனுப்பியதில் எப்போது எழுந்து போவது என்று எவனுக்குத் தெரியும்? இன்னொன்று. அழுகை வந்தால் மாமி பேசாமல் இருப்பாள், அந்த மௌனத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதையும் நீங்கள் தூக்கிவிட்டதில், அந்த இடத்தில் இப்போது மின்விசிறி மாவு மில் மாதிரி இரைகிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே மீதிக் கேசட்டுகளில் கை வைக்காமல், இருந்தபடியே திருப்பி அனுப்பிவிடுங்கள். வருத்தம் வேண்டாம். உங்கள் தொழிலில் ரப்பு பரக்கத் செய்யட்டும். மகளை மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாமா பீர் மைதீன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஹஸீபா வந்துவிட்டாள். கோபம் பாதி தணிந்திருந்தது. மாமி அதை எவ்வளவு மெல்லச் சொன்னாள் என்று காட்டத்தான் அசல் கேசட்டைப் போட்டேன். ஸலாம் கேட்டது, ஊர் விசேஷம் கேட்டது, அதற்குமேல் ஒன்றுமில்லை. நாடா அழிந்துவிட்டது, உங்கள் கூரியர்தான் காரணம் என்று சத்தம் போட்டேன். ஹஸீபா குனிந்து கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "மைனி பேசிக்கிட்டுதான் இருக்காவ அண்ணே. ஒனக்குக் கேக்கலியா?" என்றாள். காதை ஒட்டவைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. மீதிக் கேசட்டுகளையும் அதே மாதிரி செய்தே அனுப்புங்கள். இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டாலும் மாமா ஒன்றும் சொல்ல மாட்டேன்.